சாட்சி சொல்லப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"அடுத்த வாரம் நீங்கள் ஒரு சாட்சி சொல்லுங்களேன்" என்று கேட்டவுடன் எத்தனையோ பேர் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். சபையில் சாட்சி நேரத்தை ஒழுங்குசெய்கிறவன் என்பதால் அவர்களுடைய கேள்விகள் எல்லாம் என்னிடம்தான் வரும். அவற்றையும் நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். என் சொந்த அபிப்பிராயமும் கலந்திருக்கும். உங்கள் போதகர் வேறு மாதிரி நினைத்தால் அவரோடும் பேசிப் பாருங்கள்.

சாட்சிக்கும் பிரசங்கத்துக்கும் என்ன வித்தியாசம்?

பிரசங்கம் வசனத்தை விளக்குகிறது. சாட்சி, தேவன் உங்களுக்குச் செய்ததைச் சொல்கிறது.

மாற்கு 5-இல் கல்லறைகளில் குடியிருந்த மனிதன் குணமானதும் இயேசுவோடு கூடவே வருகிறேன் என்று கெஞ்சுகிறான். அவர் சம்மதிக்கவில்லை. வீட்டுக்குப் போய், கர்த்தர் உனக்கு இரங்கிச் செய்ததை உன் ஆட்களுக்குச் சொல் என்று அனுப்பிவிடுகிறார். அவன் எந்தப் பயிற்சியும் பெறவில்லை, ஒரு வசனம் மனப்பாடம் செய்தானா என்பதுகூடத் தெரியாது. ஆனால் தெக்கப்போலி நாடு முழுக்க அவன் பேச்சுதான்.

யோவான் 9-இல் இயேசுவால் பார்வை பெற்ற குருடன் இன்னும் சுவாரஸ்யமானவன். பரிசேயர்கள் அவனை உட்காரவைத்து, இயேசுவைப் பற்றி "அந்த மனுஷன் பாவி" என்று ஒப்புக்கொள்ளச் சொல்லி நெருக்குகிறார்கள். அவர் பாவியா இல்லையா என்று எனக்குத் தெரியாது, நான் குருடனாக இருந்தேன், இப்போது பார்க்கிறேன், எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான் என்கிறான். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுகிறான். தெரிந்த விஷயத்தில் ஒரு இம்மிகூடப் பின்வாங்கவில்லை. சாட்சி சொல்லப் போகிற யாருக்கும் நான் முதலில் வாசிக்கச் சொல்வது இந்த அதிகாரத்தைத்தான்.

என் வாழ்க்கையில் பெரிதாக ஒன்றுமே நடக்கவில்லையே. நான் விசுவாசக் குடும்பத்தில் பிறந்தவன். என்ன சொல்வது?

என்னிடம் மிக அதிகமாக வரும் கேள்வி இதுதான். ஓரளவுக்குத் தப்பு எங்கள் பக்கமும் இருக்கிறது. "முன்பு ரவுடி, இப்போது ஊழியக்காரர்" வகைச் சாட்சிகளுக்கே திரும்பத் திரும்ப மேடை கொடுத்தால், ஒழுங்காக வளர்ந்த பிள்ளைகளுக்கு நமக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்றுதானே தோன்றும்? "நானும் கொஞ்சம் கெட்டுப்போய்த் திரும்பியிருந்தால் நல்ல சாட்சி கிடைத்திருக்கும்" என்று வேடிக்கையாகச் சொல்லும் வாலிபர்கள் உண்டு. அது முழுக்க வேடிக்கை இல்லை.

இந்தப் பிரச்சனை புதிதல்ல. 1630-களில் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பகுதிக்குப் போய்க் குடியேறிய பியூரிட்டன் சபைகளில், முழு அங்கத்தினராகச் சேர வேண்டுமென்றால் தான் மனந்திரும்பிய அனுபவத்தைச் சொல்லியாக வேண்டும் என்ற விதி வந்தது. முதல் தலைமுறை சொன்னது. அவர்களுடைய பிள்ளைகள் வளர்ந்தார்கள். சபைக்கு வந்தார்கள், ஒழுக்கமாக வாழ்ந்தார்கள். ஆனால் பெற்றோர் சொன்ன மாதிரி ஒரு திருப்புமுனையைச் சொல்லத் தெரியாமல் அவர்களில் நிறையப் பேர் வெளியே நின்றார்கள். அப்புறம் அவர்களுக்கும் குழந்தைகள் பிறந்தபோது, இந்தக் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்று பெரிய சிக்கல். கடைசியில் 1662-இல் பாஸ்டனில் கூடிய சபைத் தலைவர்கள், குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாம், ஆனால் அனுபவம் சொல்லாத பெற்றோருக்குத் திருவிருந்தில் பங்கில்லை என்று நடுவாந்திரமாக ஒரு தீர்மானத்துக்கு வந்தார்கள். ஒரே அச்சில் வார்த்த சாட்சியை எல்லோரிடமும் எதிர்பார்த்தால் இதுதான் நடக்கும்.

விசுவாசிகளைத் துன்புறுத்தப் போன பவுல், தமஸ்கு வழியில் இயேசு தரிசனமானபோது தரையில் விழுந்தவர். அதே பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, உனக்கு ஏன் அப்படி ஒரு அனுபவம் இல்லை என்று கேட்கவில்லை. உன் பாட்டி லோவிசாளிடமும் உன் அம்மா ஐனிக்கேயாளிடமும் இருந்த விசுவாசம் உன்னிடமும் இருக்கிறது என்று சந்தோஷப்படுகிறார். பாட்டியிடமிருந்து வந்த விசுவாசமும் சாட்சிதான்.

சரி, நடைமுறையில் என்ன சொல்வது? உங்களையே இப்படிக் கேட்டுப் பாருங்கள். வீட்டில் எல்லோரும் ஜெபிக்கிறார்கள் என்பதற்காக ஜெபித்த நீங்கள், யாரும் பார்க்காதபோதும் ஜெபிக்க ஆரம்பித்தது எப்போது? எந்தச் சந்தேகம் உங்களை ஆட்டிப்பார்த்தது? விட்டுப் போயிருக்கலாமே, ஏன் போகவில்லை? யாருடைய வாழ்க்கையைப் பார்த்து இது நிஜம் என்று உணர்ந்தீர்கள்? கோபத்திலோ பண விஷயத்திலோ மன்னிப்பதிலோ இன்றைக்கு நீங்கள் முன்பைவிட வேறு ஆளாக இருக்கிறீர்களா? இதில் ஒன்றுக்குப் பதில் இருந்தால் போதும்.

எவ்வளவு நேரம் பேசலாம்?

ஐந்து நிமிடம். ஏழு நிமிடம் என்றால் பொறுத்துக்கொள்வார்கள். அகிரிப்பா ராஜாவுக்கு முன்னால் பவுல் சொன்ன சாட்சியை அப்போஸ்தலர் 26-இல் சத்தமாக வாசித்துப் பாருங்கள், ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

எப்படித் தயாரிப்பது? எழுதி வைத்து வாசிக்கலாமா?

எழுதுங்கள், ஆனால் வாசிக்காதீர்கள். எழுதினால்தான் எதை விட வேண்டும் என்று தெரியும். மேடையில் குறிப்புத்தாளில் நாலைந்து வார்த்தைகள் இருந்தால் போதும்.

முன்பு எப்படி இருந்தேன், என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறேன் என்ற வரிசையைப் பலரும் கற்றுக்கொடுப்பார்கள். அப்போஸ்தலர் 26 ஏறக்குறைய அந்த வரிசையில்தான் போகிறது. நல்ல வரிசைதான், கட்டாயமில்லை.

அதைவிட எனக்குப் பிடித்தது, பவுல் தமஸ்கு வழியில் நடந்த அந்த ஒரே சம்பவத்தை இரண்டு இடங்களில் எப்படிச் சொல்கிறார் என்பது. 22-ஆம் அதிகாரத்தில் எருசலேமில் அவரைக் கொல்லத் துடிக்கும் யூதக் கூட்டத்திடம் எபிரெய மொழியில் பேசுகிறார். அங்கே கமாலியேலிடம் படித்ததைச் சொல்கிறார். தமஸ்குவில் தனக்குப் பார்வை திரும்ப வர உதவிய அனனியாவைப் பற்றிச் சொல்லும்போது, வேதப்பிரமாணத்தின்படி பக்தியுள்ளவன், அங்கிருந்த யூதர்கள் எல்லோரிடமும் நற்பெயர் பெற்றவன் என்று குறிப்பாகச் சொல்கிறார். 26-ஆம் அதிகாரத்தில் அகிரிப்பாவிடமும் ரோம அதிகாரி பெஸ்துவிடமும் பேசும்போது அனனியா வரவே இல்லை, கண் தெரியாமல் போனதும் வரவில்லை. தன்னைப் புறஜாதியாரிடம் அனுப்பியதுதான் அங்கே விரிவாக வருகிறது. சம்பவம் ஒன்றுதான், எதையும் மாற்றவில்லை. யாரிடம் பேசுகிறோம் என்று பார்த்து எதைச் சொல்வது, எதை விடுவது என்று முடிவு செய்திருக்கிறார். உங்களுக்கும் இதே வேலைதான்.

இன்னொன்று, பொதுவான வார்த்தைகளை விட்டுவிட்டு, நடந்ததைச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு, நான் அடிக்கடி கேட்கும் வகை வாக்கியம்:

"கர்த்தர் என்னைப் பலவிதமான சோதனைகளின் வழியாக நடத்தினார். ஆனாலும் அவருடைய கிருபை என்னைத் தாங்கியது. இந்நாள் மட்டும் அவர் நல்லவராகவே இருக்கிறார்."

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இதை உலகத்தில் எந்த விசுவாசியும் சொல்லலாம். உங்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டவருக்கு ஒன்றும் தெரியாது. அதே ஆள் இப்படிச் சொன்னால்?

"வேலை போய் ஐந்தாவது மாதம். நடுராத்திரி விழிப்பு வந்துவிடும். மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். ஜெபிக்க வார்த்தை வராது. 'கர்த்தாவே, எதுவரைக்கும்' என்று 13-ஆம் சங்கீதத்தின் முதல் வரியை மட்டும் சொல்லிக்கொண்டிருப்பேன். வேலை உடனே கிடைத்துவிடவில்லை. ஆனால் அவரிடம் பேசுவதை நான் நிறுத்தவில்லை. திட்டுவதற்காகவாவது பேசினேன்."

இரண்டாவதைக் கேட்டதும், அதே கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும் இன்னொருவர் நிமிர்ந்து உட்காருவார்.

பழைய பாவங்களை எவ்வளவு விவரமாகச் சொல்லலாம்?

கேட்பவருக்குப் புரியும் அளவுக்கு. அவருக்குக் கற்பனை ஓடும் அளவுக்கு வேண்டாம். "குடிக்கு அடிமையாக இருந்தேன், சம்பளம் வீட்டுக்கு வந்ததே இல்லை" என்றாலே கதை புரிந்துவிடுகிறது. சில சாட்சிகளில் முக்கால்வாசி நேரம் பாவத்துக்குப் போய்விடும், கடைசி ஒரு நிமிடத்தில் இயேசு அவசரமாக வந்து போவார். வீட்டில் ஒத்திகை பார்க்கும்போது எந்தப் பகுதியை ரசித்துச் சொல்கிறீர்கள் என்று கவனியுங்கள். அது பழைய வாழ்க்கைப் பகுதி என்றால் அதைப் பாதியாக வெட்டுங்கள். காமம் சம்பந்தமான விஷயங்களில் இன்னும் கவனம் வேண்டும், சிறுவர்களும் உட்கார்ந்திருப்பார்கள். சட்டப்படி ஒருவருக்குப் பதில் சொல்லவேண்டிய குற்றம் என்றால் மேடைக்கு முன் போதகரிடமும், தேவைப்பட்டால் வக்கீலிடமும் பேசுங்கள்.

என் கதையில் என் கணவரும் மாமியாரும் வருகிறார்களே?

உங்கள் சாட்சி உங்களுடையது. அவர்கள் வாழ்க்கை அவர்களுடையது. "என் கணவர் அப்போது எப்படி இருந்தார் தெரியுமா" என்று ஆரம்பிக்கும் சாட்சியின்போது, அந்தக் கணவர் மூன்றாவது வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பது சங்கடம். அவர் வரவில்லை என்றாலும் அன்று சாயங்காலத்துக்குள் யாராவது போய்ச் சொல்லிவிடுவார்கள்.

என்ன சொல்லப் போகிறீர்களோ அதை அவரிடம் முதலில் சொல்லிக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அந்தப் பகுதியை எடுத்துவிடுங்கள். "வீட்டில் சமாதானம் இல்லாத காலம்" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு, அந்தக் காலத்தில் உங்களுக்குள் என்ன நடந்தது என்பதற்கு வரலாம். பிள்ளைகள் விஷயத்தில் இது இரண்டு மடங்கு பொருந்தும். மகன் பரீட்சையில் தோற்றதும் மகள் பயந்து அழுததும் உங்களுக்குச் சாட்சி, அவர்களுக்கு அவமானம்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வீட்டுக்குள் யாராவது உங்களை அடிக்கிறார்கள், துன்புறுத்துகிறார்கள் என்றால் இந்த ஆலோசனையைப் பிடித்துக்கொண்டு மௌனமாக இருக்காதீர்கள். அதைச் சொல்லவேண்டிய இடம் சாட்சி மேடை இல்லை, அவ்வளவுதான். நம்பிக்கையான ஒருவரிடமும் உதவி செய்யக்கூடியவர்களிடமும் உடனே சொல்லுங்கள்.

தேவனுடைய மகிமைக்காகத்தானே, கொஞ்சம் கூட்டிச் சொன்னால் என்ன?

யோபு தன் நண்பர்களிடம் கேட்கிறார்: தேவனுக்காக நியாயக்கேடாய்ப் பேசவும், அவருக்காக வஞ்சகமாய் வசனிக்கவும் வேண்டுமோ? யோபு 13:7. அந்த நண்பர்கள் எல்லோருமே தேவனுடைய பக்கம் பேசுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கூட்டிச் சொல்வது பெரும்பாலும் திட்டமிட்டு நடப்பதில்லை. முதல் தடவை "காய்ச்சல் அதிகம்" என்பது, அடுத்த தடவை "டாக்டரே பயந்துவிட்டார்" என்றாகும், மூன்றாவது தடவை "டாக்டர் கைவிட்டுவிட்டார்" என்றாகும். ஒவ்வொரு தடவையும் கூட்டம் "அல்லேலூயா" என்று சொல்லும் இடம் நினைவில் தங்கிவிடுகிறது, அடுத்த தடவை அந்த இடம் தானாகவே கொஞ்சம் வீங்குகிறது. அந்தச் சம்பவத்தில் உங்கள் கூடவே இருந்த ஒருவர் முன்வரிசையில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு பேசுங்கள். முடிந்தால் நிஜமாகவே அவரைக் கூப்பிட்டு உட்காரவையுங்கள்.

சுகம் கிடைத்ததைச் சாட்சியாகச் சொல்லும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

சிகிச்சை எடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். ஆபரேஷன் நடந்தது, மருந்து சாப்பிட்டேன், ஜெபித்தார்கள், இன்று நன்றாக இருக்கிறேன், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். மருத்துவரை மறைத்தால் தேவனுடைய மகிமை கூடிவிடப் போவதில்லை.

எந்தக் காரணம் கொண்டும் "நான் மாத்திரையை விட்டுவிட்டேன், நீங்களும் விசுவாசத்தோடு விடுங்கள்" என்ற அர்த்தம் வரும்படி பேசாதீர்கள். சர்க்கரை, வலிப்பு, மனநோய் மாதிரி நீண்ட நாள் மருந்து தேவைப்படுகிறவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். திடீரென்று இன்சுலினை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. வலிப்பு மருந்தும் அப்படித்தான். இப்படி யாராவது மேடையில் பேசினால் நான் இடையில் மைக்கை வாங்கிக்கொள்வேன், வருத்தப்பட்டாலும் பரவாயில்லை.

எனக்கு இன்னும் சுகம் கிடைக்கவில்லை. ஜெபத்துக்குப் பதில் வரவில்லை. நான் சாட்சி சொல்லலாமா?

கட்டாயம் சொல்லுங்கள். உங்களைப் போன்றவர்கள் முன்வராததால் சாட்சி நேரம் முழுக்க வெற்றிக்கதையாகிவிடுகிறது. பதில் கிடைக்காதவர்கள் பின்வரிசையில் தங்கள் விசுவாசத்தில்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

எபிரெயர் 11-ஐ விசுவாச வீரர்களின் அதிகாரம் என்போம். 35-ஆம் வசனத்தைக் கவனித்திருக்கிறீர்களா? செத்தவர்களை உயிரோடு திரும்பப் பெற்ற பெண்களில் அந்த வசனம் ஆரம்பிக்கிறது. அதே வசனத்தின் நடுவில் "வேறுசிலர்" என்று திரும்பி, வாதிக்கப்பட்டவர்களுக்குப் போய்விடுகிறது. அடுத்த வசனங்களில் சவுக்கடி, சிறை, கல்லெறி. இரண்டு கூட்டத்தாருமே விசுவாசத்தினால் நற்சாட்சி பெற்றவர்கள் என்றுதான் அந்த அதிகாரம் முடிகிறது. பவுலும் 'முள்' என்று தானே சொன்ன தன் வேதனையை எடுத்துப்போடும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார், முள் போகவில்லை. 2 தீமோத்தேயு 4:20-இல், துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியாக விட்டுவந்தேன் என்று ஒரு வரி. எந்த விளக்கமும் இல்லை, எந்தச் சமாளிப்பும் இல்லை.

ஆகவே கதைக்குச் செயற்கையாக ஒரு முடிவு ஒட்டாதீர்கள். "இன்னும் வலி இருக்கிறது. இன்னும் ஜெபிக்கிறேன். உங்களிடமும் ஜெபம் கேட்கிறேன்" என்று சொல்லிவிட்டு உட்காரலாம்.

சாட்சி சொன்ன பிறகு மறுபடியும் விழுந்துவிட்டால் எல்லோரும் சிரிக்க மாட்டார்களா?

சிலர் சிரிப்பார்கள். அதற்காக "நான் முழுக்க மாறிவிட்டேன்" என்று முன்கூட்டியே சொல்லித் தொலைக்காதீர்கள்.

பாடல் எழுதியவராகவும் போதகராகவும் அறியப்படும் ஜான் நியூட்டன், 1748 மார்ச்சில் அட்லாண்டிக் புயலில் தன் கப்பல் மூழ்கும் நிலையில் தேவனை நோக்கிக் கூப்பிட்டார். வாழ்நாள் முழுக்க ஆண்டுதோறும் அந்த நாளை நினைவுகூர்ந்தார். ஆனால் அதற்குப் பிறகும் அடிமைகளை ஏற்றிச் செல்லும் கப்பல்களில் தலைவராகப் போய்க்கொண்டிருந்தார். 1754-இல் கடலை விட்டதும்கூட உடல்நிலை கெட்டதால்தான். அடிமை வியாபாரத்தைக் கண்டித்து அவர் அச்சில் எழுதியது 1788-இல். அந்தப் புயலின்போதே தான் முழு அர்த்தத்தில் விசுவாசியாகிவிட்டதாகச் சொல்ல முடியாது என்று அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார். அந்த நேர்மைதான் எனக்கு அவரிடம் பிடித்தது. அந்த வருஷங்களில் அவர் கப்பலில் விலங்கோடு போனவர்களை நினைத்தால் மனம் கனக்கிறது, அதையும் மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்லக்கூடாது.

புதிதாக விடுதலை பெற்றவர்களை, குறிப்பாகக் குடியிலிருந்தும் போதையிலிருந்தும் வந்தவர்களை, உடனே மேடை ஏற்றுவதை நான் தவிர்க்கிறேன். அவர்களுக்கு முதலில் தேவை கூட நடக்கும் நண்பர்கள்.

விசுவாசி அல்லாத நண்பரிடம் எப்படிச் சொல்வது?

அவர் கேட்டால் சொல்லுங்கள். 1 பேதுரு 3:15 சொல்வதும் விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்வதைத்தான். அவருடைய மதத்தைக் குறை சொல்லி உங்கள் சாட்சியை ஆரம்பித்தால் அந்த இரண்டுமே போய்விட்டது.

சபைக்குள் மட்டும் புழங்கும் வார்த்தைகளையும் வாசலிலேயே விட்டுவிடுங்கள். "கர்த்தர் என்னைத் தொட்டார்", "பாரம் கொடுத்தார்", "கதவைத் திறந்தார்", இதெல்லாம் நமக்குப் பழகிப்போனவை. வெளியில் இருப்பவருக்கு ஒன்றும் புரியாது, மரியாதைக்குத் தலையாட்டுவார். சமாரியப் பெண் ஊருக்குள் ஓடிப்போய், நான் செய்ததையெல்லாம் ஒருவர் சொன்னார், வந்து பாருங்கள், அவர் கிறிஸ்துதானோ என்று கேட்டாள். அவள் ஒரு கேள்வியோடு விட்டுவிட்டாள். பிற்பாடு அந்த ஊரார், இனி உன் சொல்லினிமித்தம் அல்ல, நாங்களே கேட்டு அறிந்தோம் என்றார்கள். அந்த வேலையை அவள் செய்யவில்லை.

வீடியோவாகப் பதிவு செய்து எல்லோருக்கும் அனுப்பலாமா?

யோசித்துச் செய்யுங்கள். கூட்டத்தில் சொன்னது காற்றோடு போகும், வீடியோ போகாது. உங்கள் நம்பிக்கை குடும்பத்தாருக்கே இன்னும் தெரியாது என்றாலோ, தெரிந்தால் ஆபத்து என்றாலோ, வேண்டவே வேண்டாம். யாரும் உங்களை வற்புறுத்தவும் கூடாது. இயேசுவே எல்லோரையும் போய்ச் சொல் என்று அனுப்பவில்லை. மாற்கு 1-இல் குஷ்டரோகியிடம் ஒருவருக்கும் சொல்லாதே என்றார். அவன் கேட்காமல் பரப்பினான், அதனால் இயேசுவே ஊருக்குள் வெளிப்படையாக வர முடியாமல் போனது.

பேசும்போது அழுகை வந்துவிட்டால்?

அழுங்கள். தண்ணீர் குடித்துவிட்டுத் தொடருங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

கூட்டம் முடிந்ததும் ஒருவர் வந்து "எனக்கும் இதே பிரச்சனை" என்றால் என்ன செய்வது?

முதலில் கேளுங்கள். மறுபடியும் உங்கள் கதையை ஆரம்பிக்காதீர்கள். உங்களுக்கு நடந்த மாதிரியே அவருக்கும் நடக்கும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், அது உங்கள் கையில் இல்லை. அவர் விரும்பினால் அங்கேயே கூட நின்று ஜெபியுங்கள். சாக வேண்டும் போலிருக்கிறது என்று சொன்னால் தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அவருடைய வீட்டாரையோ போதகரையோ அப்போதே அழையுங்கள், மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்யுங்கள். மற்றபடி, அவருடைய போன் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு நாளில் கூப்பிட்டு விசாரியுங்கள். "ஜெபத்தில் நினைத்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு மறந்துபோகிற ஆட்கள் ஏற்கெனவே அவருக்கு நிறையப் பேர் இருப்பார்கள்.